கீழே ரெட் ஆக்சைடு, மேலே வினைல்: பழைய வீட்டில் பிள்ளைகள் அறைக்குத் தரை போட்ட கணக்கு

ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் கடந்துவிட்டன. மகன் அறைத் தரையில் ஓர் ஈரப்பொட்டுகூட இல்லை. அதனால் இப்போது தைரியமாக எழுதலாம்.

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில், என் மாமனாரின் அப்பா கட்டிய வீடு எங்களுடையது. செங்கல், சுண்ணாம்புக் காரை, தேக்கு விட்டம். பத்துக்குப் பன்னிரண்டில் கீழே ஓர் அறை, அதற்கு நேர் மேலே மாடியில் அதே அளவில் இன்னோர் அறை. கீழ் அறை ஒன்பதாவது படிக்கும் மகனுக்கு, மாடி அறை பிளஸ் ஒன் போகும் மகளுக்கு. இரண்டிலும் தரை மோசம். கீழே சிமெண்ட் பூச்சு உப்பிப் பெயர்ந்து கிடந்தது. மாடியில் பழைய சதுர ஓடுகள் ஆடின. இரண்டு அறைக்கும் சேர்த்து 50,000 ரூபாய்தான் ஒதுக்க முடிந்தது.

பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டேன். மகளுக்கு மரத்தரை மாதிரி தெரிய வேண்டும்; உருளை வைத்த நாற்காலி ஓட வேண்டும். மகன் தரையில்தான் படுப்பான், தரையில்தான் படிப்பான், டம்பெல்ஸையும் அங்கேதான் போடுவான். அவனுக்குக் குளிர்ச்சியாக இருந்தால் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் இந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில்: "ரெண்டுக்கு ரெண்டு விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டிருங்க, ரெண்டு ரூமுக்கும் ஒரே வேலையா முடிஞ்சிரும்." புது வீடாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் இந்த இரண்டு அறைகளும் ஒன்றின் மேல் ஒன்று இருந்தாலும், தரைக்குக் கீழே இருப்பது முற்றிலும் வேறு. கீழ் அறைக்கு அடியில் ஈர மண். மாடி அறைக்கு அடியில் மர விட்டம். ஒன்றுக்கு ஓதம், அதாவது மண்ணிலிருந்து ஏறும் ஈரம், பிரச்சினை; இன்னொன்றுக்கு எடை பிரச்சினை. ஒரே சரக்கு இரண்டுக்கும் சரிவராது என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

ஓதத்தைப் பார்க்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும். பங்குனி மாதம், வெளியே மண் காய்ந்து கிடக்கிற நேரம், மறுநாள் காலையில் தாளுக்கு உள்பக்கம் கடுகு அளவு நீர்த்துளிகள் வரிசையாக நின்றன. தாளைத் தூக்கியதும் அடியில் இருந்த சிமெண்ட் கறுத்து, விரலில் ஒட்டியது. துளி தாளுக்கு மேல்பக்கம் இருந்தால் அது காற்றின் ஈரம். உள்பக்கம் இருந்தால் மண்ணிலிருந்து ஏறுகிறது என்று அர்த்தம்.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. சந்தில் சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், வாசற்படி மூன்றும் மண்ணுக்குள் போய்விட்டன. தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் டியூப்லெவல் பிடித்துப் பார்த்தோம்: வீட்டுத்தரை தெருவைவிட 4 அங்குலம் தாழ்வு. வீட்டுத்தரையைத் தெருவுக்கு மேலே தூக்கி நிறுத்தும் பேஸ்மட்டம் என்று ஒன்று இருந்ததே இப்போது தெரியவில்லை. அந்தக் காலத்துச் சுவரில் ஓதம் தடுக்கும் அடுக்கும் கிடையாது. இந்த நிலையில் விட்ரிஃபைடு டைல்ஸை ஒட்டினால், அது அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாத சரக்கு என்பதால், கீழிருந்து வரும் ஈரம் மேலே வர வழியில்லாமல் பக்கவாட்டில் போய்ச் சுவரில் ஏறும். எங்கள் தெருவிலேயே அப்படி டைல்ஸ் போட்ட பிறகு இடுப்பளவுக்குச் சுவர் பொரிந்த வீடுகள் இருக்கின்றன.

ஆத்தங்குடிக் கல் எனக்கு மிகவும் பிடிக்கும். கண்ணாடி மேல் வார்ப்பதால் வரும் அந்தப் பளபளப்புக்கு மெஷின் பாலிஷ் ஈடாகாது. ஆனால் காரைக்குடிப் பக்கத்திலிருந்து 120 சதுர அடிக் கல்லுக்காக வண்டிச் சத்தம் கொடுத்து, பதிக்கத் தெரிந்த ஆளையும் அங்கிருந்தே கூட்டிவந்தால் கணக்கு எகிறியது. கோட்டா கல்லும் பார்த்தேன். நல்ல சரக்கு, டம்பெல்ஸைத் தாங்கும். பதித்த பிறகு தண்ணீர் விட்டு மெஷினில் பாலிஷ் போட வேண்டும். அந்தச் சேறு கூடத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். குடியிருக்கிற வீட்டில் அது முடியாத காரியம். கடைசியில், கூடத்தில் ஏற்கெனவே இருக்கிற அதே சிவப்புத் தரை, சிமெண்டில் சிவப்பு நிறத்தூள் கலந்து தேய்க்கும் ரெட் ஆக்சைடு, என்று முடிவு செய்தோம். கூடத்தில் அது எழுபது வருஷத்துக்கும் மேலாக உழைக்கிறது.

ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். இப்போது கொத்தனார்கள் எல்லோரும் டைல்ஸ் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆக்சைடு தேய்க்கத் தெரிந்தவர்கள் வயதானவர்கள். தேடிப் பிடித்த பெரியவர் முதலில் கூடத்துத் தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பிடி வராது தாயி, இதுல முக்காவாசிக்கு வரும்," என்றார். அந்தப் பேச்சே எனக்கு நம்பிக்கை தந்தது.

பரீட்சை முடிந்த கையோடு ஆரம்பிக்கலாம் என்று நினைத்தோம், ஆனால் சித்திரைத் திருவிழா வந்துவிட்டது. தேரோட்டத்துக்கு மாசி வீதிகளை அடைத்துவிடுவார்கள்; அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் சிம்மக்கல் பக்கம் மணல் வண்டி நுழையவே முடியாது. ஆட்களும் வரமாட்டார்கள். வரவும் கூடாது. திருவிழா முடிந்த பிறகுதான் கடப்பாரையைக் கையில் எடுத்தோம். எங்கள் சந்துக்குள் லாரி வராது. குட்டியானை வண்டியில் சந்துமுனை வரை கொண்டுவந்து, அங்கிருந்து பாண்டுச் சட்டியில் தலைச்சுமை. இந்த ஏற்றுக்கூலியைப் பலர் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

தோண்டியதில் மேலே ஓர் அங்குலம் சிமெண்ட், அதன் கீழே 3 அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கும் கீழே கறுப்பு மண். மம்பட்டியில் அள்ளும்போதே பழைய கிணற்று வாடை அடித்தது. எட்டரை அங்குலம் வரை போனோம். சுவரோரம் ஓரடிக்குக் கடப்பாரை போட விடவில்லை பெரியவர். அங்கே சின்ன உளியால் தட்டித் தட்டித்தான் எடுத்தார்கள். பழைய சுவரின் அடியை அசைத்துவிட்டால் தரையோடு போகாது.

மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, அதன் மேல் 4 அங்குலத்துக்கு 40 மி.மீ. ஜல்லி மட்டும் கொட்டினோம். மணல் கலக்கக் கூடாது. கல்லுக்குக் கல் இடைவெளி பெரிதாக இருந்தால் தண்ணீர் அதில் ஏறாது. மணல் அடைத்தால் திரி போல ஏறிவிடும். அதன் மேல் கெட்டி பாலித்தீன் ஷீட், ஓரங்களைச் சுவரில் 3 அங்குலம் மடித்து ஏற்றி, ஜாயிண்டில் ஓரடி ஒன்றின் மேல் ஒன்று விட்டு விரித்தோம். பிறகு சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு நான்குக்கு எட்டு கலவையில் 3 அங்குலம் கான்கிரீட். ஒரு வாரம் தண்ணீர் விட்டோம்.

சுவரையும் சேர்த்துச் சரிசெய்யாமல் விட்டால் இந்த வேலை அரைகுறை. முன்பு யாரோ சுவரின் கீழ்ப்பகுதியில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஈரம் அடைபட்டு உப்புப் பூத்திருந்தது. மூன்றடி உயரத்துக்கு அதைக் கொத்தி எடுத்துவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு மூன்று கலந்து பூசினோம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுக் காயும். 1636-ல் எழுந்த நாயக்கர் மகாலே செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அந்தச் சரக்கின் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. பூசிய சுவருக்கு பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கவில்லை, வெறும் சுண்ணாம்பு வெள்ளைதான்.

இனி ஆக்சைடு. அறையை நாலடிக்கு ஐந்தடியில் ஆறு கட்டமாகப் பிரித்து, நடுவில் 4 மி.மீ. கண்ணாடிப் பட்டைகளை நிறுத்தினார் பெரியவர். சிமெண்ட் காயும்போது சுருங்கும். வெடித்தால் பட்டை வழியாகவே வெடிக்கட்டும், நடுவில் வேண்டாம் என்பதற்காக. கட்டத்துக்குள் ஒன்றுக்கு மூன்று கலவையில், பூச்சு வேலைக்கான பி சாண்ட் மணலைச் சலித்துப் போட்டு, ஓர் அங்குலம் தளம். அலுமினிய மட்டக்கட்டையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து, தளம் சற்று இறுகும் வரை காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பில்தான் முழு வேலையும் இருக்கிறது. பெரியவர் கட்டைவிரலால் அழுத்துவார். தடம் விழ வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. அதற்கு முன்பு ஆக்சைடு போட்டால் கீழே அமிழ்ந்து நிறம் மங்கும். பின்பு போட்டால் தோலாக உரியும். ஆக்சைடை உலர்ந்த சிமெண்டோடு ஒன்றுக்கு நான்கு என்று கலந்து, கட்டி இல்லாமல் இரண்டு தடவை சல்லடையில் சலித்து, பிறகு தண்ணீர் விட்டு இட்லி மாவுப் பதத்தில் கரைத்தார். சாம்பல் சிமெண்ட் என்பதால் நிறம் கருஞ்சிவப்பாக வரும். பளிச்சென்ற சிவப்பு வேண்டுமானால் வெள்ளைச் சிமெண்ட் வாங்க வேண்டும். எங்களுக்குக் கூடத்து நிறம்தான் வேண்டியிருந்தது. ஆறு கட்டத்துக்கும் தேவையான ஆக்சைடை முதலிலேயே சிமெண்டோடு மொத்தமாகக் கலந்து வைத்துவிட வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் கலந்தால் நிறம் கட்டாயம் மாறும்.

கலவையை ஊற்றிப் பரப்பிய பிறகு இரும்புக் கரண்டியால் தேய்ப்பு. முதல் சுற்றில் கரண்டி சளக் சளக்கென்று போகும். அரைமணி கழித்து அடுத்த சுற்றில் சத்தம் மெலியும். கடைசிச் சுற்றில் கரண்டியின் ஒரு விளிம்பை மட்டும் லேசாக ஊன்றி, உடம்பு எடையைக் கொடுத்து இழுக்கும்போது 'சர்ர்ர்' என்று கண்ணாடி மேல் போவது போல ஒரு சத்தம் வரும். அப்போது கரண்டியின் பின்னால் தரை மின்னிக்கொண்டே வரும். "இந்தச் சத்தம் கேட்டப்புறம் கைய வைக்காத தாயி, வச்சா கெட்டுப்போகும்," என்றார்.

முதல் கட்டத்தில் ஒரு தப்பு நடந்தது. தளத்தில் தண்ணீர் மேலே கசிந்து நின்றதைப் பார்த்து, உதவிக்கு வந்த பையன் ஈரத்தை இழுக்கட்டும் என்று உலர்ந்த சிமெண்டைத் தூவிவிட்டான். பெரியவர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். காய்ந்ததும் அந்தக் கட்டம் முழுக்கத் தலைமுடி கனத்தில் வலைப்பின்னல் வெடிப்பு. மேல்தோல் மட்டும் அதிகச் சிமெண்டாகி, அது தனியாகச் சுருங்கியதன் விளைவு. இடித்து மறுபடி போட்டால் பக்கத்துக் கண்ணாடிப் பட்டை உடையும் என்பதால் அப்படியே விட்டோம். இப்போது அங்கே பீரோ நிற்கிறது. அடுத்த கட்டங்களில் கலவையில் தண்ணீரைக் குறைத்தோம். கசிவே வரவில்லை.

மறுநாளிலிருந்து ஓரமாக மணல் கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினோம். வெயில் காலம் என்பதால் ஜன்னலுக்கு ஈரச்சாக்கு. பத்து நாளைக்குப் பிறகு வடித்து, முழுக்கக் காயவிட்டு, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மிக மெல்லிசாகத் தேய்த்தோம். எண்ணெய் அதிகமானால் வழுக்கும், தூசியும் ஒட்டும். ஆரம்பத்தில் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. ஆடி மாதத்துக்குள் நிறம் ஒன்றுபோல ஆகிவிட்டது. ஒன்றை மறக்கக் கூடாது: எலுமிச்சை, புளி, பாத்ரூம் கழுவும் ஆசிட் எதுவும் இதன் மேல் படக் கூடாது, வெள்ளைத் தடம் விழும். டம்பெல்ஸ் வைக்கும் மூலையில் கனமான ரப்பர் மேட் போட்டிருக்கிறேன்.

மாடி அறைக் கதை வேறு. அங்கே தேக்கு விட்டம், மேலே செங்கல்லும் சுண்ணாம்புமாகத் தளம். டைல்ஸ் கணக்கைக் காகிதத்தில் போட்டேன். ஒன்றரை அங்குலக் கலவைக்குச் சதுர மீட்டருக்கு 80 கிலோ, டைல்ஸுக்கு 20 கிலோ. அறை 11 சதுர மீட்டர் சொச்சம். ஆக 1,100 கிலோ, அதாவது ஒரு சின்னக் காரைத் தூக்கி மாடியில் நிறுத்துவதற்குச் சமமான எடை. கட்டில், பீரோ, புத்தகம் எல்லாம் அதற்கு மேல். அதைத் தாங்குமா என்று சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

வினைல் ஷீட் என்றால் 2 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோதான். மரக்கோடு டிசைனும் கிடைக்கிறது. மகளுக்கும் சந்தோஷம். ஆனால் வினைல் கீழே இருக்கும் மேடுபள்ளத்தை அப்படியே மேலே காட்டிவிடும். ஆடிய சதுர ஓடுகளைப் பெயர்த்து, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து திரும்பப் பதித்தேன். விட்டத்தையும் கீழிருந்து ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். சுவருக்குள் போகும் முனைகளில்தான் கரையான் பிடிக்கும், அங்கே உறுதியாக இருந்தது.

மட்டத்துக்கு பிளைவுட் வேண்டாம் என்று 6 மி.மீ. சிமெண்ட் போர்டு எடுத்தேன், கரையான் தொடாது. எட்டுக்கு நான்கு போர்டு எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் திரும்பவில்லை. கீழேயே பாதியாக வெட்டி, நாலுக்கு நாலாக ஏற்றினோம். கீறிவிட்டு உடைத்தால் விளிம்பு பிசிறும். கட்டிங் மெஷினில் அறுத்தால் நேராக வரும், ஆனால் முகக்கவசம் இல்லாமல் செய்யக் கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. டைல் ஒட்டும் பசையைப் பல்கரண்டியால் 3 மி.மீ. இழுத்து, போர்டுகளை 3 மி.மீ. இடைவெளியில் ஒட்டி, ஜாயிண்டுக்கு வலைடேப்பும் பட்டியும். போர்டு, பசை, வினைல் எல்லாம் சேர்ந்து 200 கிலோவுக்குள் முடிந்தது.

வினைல் சுருள் 2 மீட்டர் அகலம். பன்னிரண்டடி நீளவாக்கில் ஓட்டினால் ஏழரை மீட்டர் வாங்க வேண்டும். குறுக்கே, பத்தடி வாக்கில் ஓட்டினால் 6.3 மீட்டர் போதும். 25 சதுர அடி மிச்சம். மரக்கோடு குறுக்கே ஓடுவது மகளுக்கு முதலில் உறுத்தியது. ஜன்னல் வெளிச்சம் அதே திசையில் விழுந்ததைப் பார்த்ததும் சரி என்றுவிட்டாள். ஜாயிண்ட் ஒரு பக்கச் சுவரிலிருந்து ஆறரை அடியில், கட்டிலுக்கு அடியில் வந்தது. நாற்காலி ஓடும் இடத்தில் ஜாயிண்ட் வரவே கூடாது.

சுருளைப் பிரித்து ஒரு நாள் அறையிலேயே விரித்துப் போட்டோம். மதுரை வெயிலில் மாடி அறையில் ஷீட் நன்றாகவே விரியும். வந்த உடனே வெட்டி ஒட்டினால் பிறகு உப்பும். சுவரோரம் 5 மி.மீ. விட்டு வெட்டினோம், அதைச் சுவரோரம் அடிக்கும் பீடிங் பட்டை மறைத்துவிட்டது. ஜாயிண்டில் இரண்டு ஷீட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, இரும்பு ஸ்கேல் பிடித்து, புது பிளேடால் ஒரே இழுப்பில் இரண்டையும் சேர்த்து அறுத்தால்தான் கோடு தெரியாது. இந்த வெட்டை மகள்தான் செய்தாள், என்னைவிட அவளுக்குக் கை உறுதி. பசை போட்டு, சப்பாத்திக் கட்டையில் துணி சுற்றி நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளினோம். நாற்காலியின் கெட்டி நைலான் உருளைகளை மாற்றி மெத்தென்ற உருளை போட்டோம். பழையது இருந்திருந்தால் இதற்குள் பள்ளம் விழுந்திருக்கும். புது வினைல் வாடை போக இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை அவள் கூடத்தில்தான் படுத்தாள்.

கணக்கு இது. கீழே: இடித்து அள்ளியது 5,500, சிமெண்ட் 7 மூட்டை, மணல், ஜல்லி, ஷீட் 8,400, அடித்தளக் கூலி 6,500, ஆக்சைடும் கண்ணாடிப் பட்டையும் 1,500, தேய்ப்புக் கூலி 6,000, சுவர்ச் சுண்ணாம்புப் பூச்சு 7,000. மொத்தம் 34,900. மேலே: போர்டு 3,600, வினைல் 6,100, டைல் பசை 1,350, டேப், பட்டி 500, பீடிங் 1,600, வினைல் பசை 1,400. மொத்தம் 14,550, கூலி எங்களுடையது. கீழே ஆன செலவில் ஆக்சைடும் தேய்ப்பும் சேர்த்தே 7,500தான், சதுர அடிக்கு 62 ரூபாய் சொச்சம். மீதி முழுக்கத் தரைக்குள்ளும் சுவருக்குள்ளும் போனது. டைல்ஸ் போட்டிருந்தாலும் அந்த மீதியைச் செலவழிக்கத்தான் வேண்டியிருந்திருக்கும்.

இன்னொரு முறை செய்தால் இரண்டை மாற்றுவேன். சுவர்ப் பூச்சை முழுக்க முடித்துவிட்டுத்தான் ஆக்சைடைத் தொடுவேன். வெள்ளையடிக்கும்போது சொட்டிய சுண்ணாம்பு ஒரு கட்டத்தில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அடுத்தது, கான்கிரீட் போடும் முன் மேஜைக்கு அடியில் வருகிற மாதிரி ஒரு வயரிங் குழாயைப் புதைத்துவிடுவேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு விளக்கு, போன், லேப்டாப் என்று பிளக் பாயிண்ட் படிக்கும் இடத்திலேயே வேண்டும். இப்போது சுவரோரம் பிளாஸ்டிக் கேசிங்கில் வயர் ஓடுகிறது. வினைலில் மிச்சம் விழுந்த துண்டுகளை மகள் அலமாரித் தட்டுகளுக்கு வெட்டி விரித்துவிட்டாள். ஆக்சைடும் சிமெண்டும் கலந்த தூளில் ஒரு கிலோ காற்றுப் புகாத டப்பாவில் இருக்கிறது. சிமெண்ட் நாளாக ஆக வீரியம் குறைந்துவிடும் என்பதால், இனியும் தாமதிக்காமல் கூடத்தில் பெயர்ந்திருக்கும் நிலைப்படி ஓரத்தைப் பெரியவரை அழைத்துப் பூசிவிட வேண்டும்.